நெஞ்சில் உதை, கையில் மஞ்சள் அட்டை: 2010 இறுதிப் போட்டியின் 28-ஆவது நிமிடம்

2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானம், ஸ்பெயினுக்கும் நெதர்லாந்துக்கும் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நமக்கு அது நள்ளிரவு 12 மணி ஆட்டம், விடிந்தால் திங்கட்கிழமை வேலை என்று தெரிந்தும் கண் விழித்துப் பார்த்தவர்கள் இங்கே ஏராளம். 28-ஆவது நிமிடத்தில் மைதானத்தின் நடுப்பகுதியில் பந்து மேலே எழும்பி இறங்குகிறது. ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ முதலில் வந்து தலையால் முட்டிவிடுகிறார். அதே பந்துக்காக எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த நெதர்லாந்தின் நைஜல் டி யோங் காலைத் தூக்குகிறார். பந்து போய்விட்டது, கால் நிற்கவில்லை. பூட்டின் அடிப்பக்கம் முழுக்கத் தெரிய, அதிலுள்ள ஸ்டட், அதாவது பிடிமானத்துக்கான கெட்டிக் குமிழ்கள், நேராக அலோன்சோவின் நெஞ்சில் போய் இறங்குகிறது. அலோன்சோ மல்லாந்து விழுந்து வலியில் புரள்கிறார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள் அட்டை.

கால்பந்தில் ஃபவுலுக்குத் தண்டனை எப்படி முடிவாகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுப்பது இந்த ஒரு நொடியைத்தான். விதிப் புத்தகம் என்ன கேட்கிறது, நடுவரின் கண்ணுக்கு என்ன எட்டுகிறது, ஆட்டத்தின் கனம் அவரை எப்படி அழுத்துகிறது, பார்வையாளர்களான நாம் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம், எல்லாமே இதில் இருக்கிறது. அது சிவப்பு அட்டை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னாளில் வெப்பே அதைச் சொல்லிவிட்டார்: ஆட்டத்துக்குப் பிறகு திரும்பப் பார்த்தபோது சிவப்பு என்று புரிந்தது, மைதானத்தில் அந்த நொடியில் தன் பார்வை பாதி மறைந்திருந்தது என்று. அப்படியானால் விஷயம் முடிந்ததே என்று தோன்றலாம். முடியவில்லை. ஏன் சிவப்பு என்பதற்கு ரசிகர்கள் சொல்லும் காரணங்களில் பாதி தவறான காரணங்கள், அந்தத் தவறான காரணங்களை வைத்து அடுத்த ஆட்டத்தை அளந்தால் அங்கே தப்பான முடிவுதான் வரும்.

விதி எதை அளக்கிறது

கால்பந்து விதிகளில் 12-ஆவது விதிதான் ஃபவுல்களைப் பற்றியது. உடல் மோதல் வரும் ஃபவுல்களை அது மூன்று படிகளாகப் பிரிக்கிறது. ஆட்டக்காரர் கவனமில்லாமல் மோதிவிட்டார் என்றால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல், ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தார் என்றால் மஞ்சள். தேவைக்கு மிஞ்சிய பலத்தோடு, எதிராளியின் உடம்புக்கே ஆபத்து வரும்படி போனார் என்றால் சிவப்பு. முன்னாலிருந்து வந்தாலும் பக்கத்திலிருந்து வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும், ஒற்றைக் காலோ இரண்டு காலோ, பாய்ந்து போய் எதிராளியின் பாதுகாப்பைக் கெடுத்தால் அது கடுமையான ஃபவுல் ஆட்டம், வெளியே போ என்று விதி நேராகவே சொல்கிறது.

இந்த மூன்று படியிலும் ‘வேண்டுமென்றே செய்தாரா’ என்ற கேள்வி வரவில்லை, கவனியுங்கள். டி யோங்குக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் பிடித்துக்கொள்வது இதைத்தான்: அவர் கண் பந்து மேல்தான் இருந்தது, அலோன்சோ குறுக்கே வருவார் என்று அவருக்குத் தெரியாது, மனிதனை உதைக்க நினைத்துக் காலைத் தூக்கவில்லை. இருக்கட்டும், அப்படியே வைத்துக்கொள்வோம். அலோன்சோவை உதைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததாக நானும் சொல்லமாட்டேன். ஆனால் விதி அவர் மனசுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், இன்னொருவர் தலை கொடுக்கக்கூடிய உயரத்தில், காலை நீட்டி ஸ்டட்டை முன்னால் வைத்துப் போனது ஆபத்தா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கக் காலை நீட்டிப் போவதுதான் டேக்கிள். பயிற்சி பெற்ற நடுவர் ஒரு டேக்கிளில் பார்ப்பதும் கண்ணுக்குத் தெரிகிற சில விஷயங்களைத்தான். எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன வேகத்தில் வந்தார். கால் மடங்கியிருந்ததா, கட்டை மாதிரி விறைத்து நீண்டிருந்ததா. மடங்கிய கால் மோதினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நேராக நீண்ட கால் ஓடி வந்த உடம்பின் மொத்தப் பாரத்தையும் மோதும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பட்டது பாதத்தின் பக்கவாட்டா, ஸ்டட்டா. எங்கே பட்டது: பூட்டின் மேலா, கணுக்காலிலா, முழங்காலிலா, அதற்கும் மேலா. பந்தை ஆடும் வாய்ப்பு நிஜமாகவே இருந்ததா, பந்து ஏற்கெனவே போய்விட்டதா. கடைசி நேரத்தில் காலை இழுத்துக்கொள்ள முயன்றாரா, அல்லது தரையை விட்டு எழும்பி, நினைத்தாலும் நிறுத்த முடியாத நிலைக்குப் போய்விட்டாரா. டி யோங்கின் காலை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். நீண்ட கால், ஸ்டட் முன்னால், மோதிய இடம் நெஞ்சு, பந்து போயாகிவிட்டது, இழுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான் வருகிறது.

அப்புறம் ஏன் மஞ்சள்?

வெப் யாரோ எவரோ இல்லை. இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் போலீஸ் வேலை பார்த்தவர், அந்த ஆண்டு மே மாதம்தான் இன்டருக்கும் பயர்னுக்கும் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியையும் நடத்தினார். இரண்டு இறுதிப் போட்டிகளும் ஒரே ஆண்டில் ஒரே நடுவர் கையில் வந்தது அதுதான் முதல் முறை. 1974-இல் ஜாக் டெய்லர் நடத்திய இறுதிக்குப் பிறகு உலகக் கோப்பை இறுதியில் விசில் பிடித்த முதல் ஆங்கிலேயரும் அவர்தான். பயந்தவர் என்று சொல்ல முடியாது, அனுபவம் போதாது என்றும் சொல்ல முடியாது.

பிரச்சினை நின்ற இடத்தில் இருக்கிறது. தரையில் நடக்கும் டேக்கிளுக்கு நடுவர் தயாராக இருப்பார், பந்து யார் காலில் இருக்கிறது, யார் பாயப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகித்துப் பக்கவாட்டுக் கோணத்தில் போய் நின்றுகொள்வார், ஏனென்றால் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள இடைவெளி பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும், நேர் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு முதுகுதான் தெரியும். பந்து ஆகாயத்தில் இருக்கும்போது கதை வேறு. நடுவரின் கண்ணும் பந்தோடு மேலே போகிறது, பந்து இறங்கி வரும்போதுதான் கண்ணும் இறங்குகிறது, அதற்குள் கால் வந்து மோதியாகிவிடும். நடுவில் ஒரே ஒருவர் மறைத்தால்கூடப் போதும், யாரோ காலை உயரத் தூக்கினார், யாரோ விழுந்தார், அவ்வளவுதான் கிடைக்கும். வெப்புக்குக் கிடைத்தது ஏறக்குறைய அதுதான். உயரத் தூக்கிய கால் என்பது நிச்சயம், ஃபவுல் என்பது நிச்சயம், ஆபத்து என்பது நிச்சயம். ஸ்டட் நெஞ்சில் பதிந்தது என்பது நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை வைத்து ஒருவரை வெளியே அனுப்பக் கூடாது என்பது நடுவர்களின் பால பாடம். பார்த்த அளவுக்குத் தண்டனை கொடுத்தார். அந்த முடிவு தவறு, ஆனால் நேர்மையான தவறு.

சரி, அவர் பார்க்கவில்லை, மற்றவர்கள்? எல்லைக்கோட்டில் துணை நடுவர்கள் டேரன் கானும் மைக்கேல் முல்லார்க்கியும் இருந்தார்கள், அவர்களும் ஆங்கிலேயர்கள், காதில் மாட்டிய கருவியில் மூவரும் பேசிக்கொள்ளலாம். ஆனால் சம்பவம் நடந்தது மைதானத்தின் மத்தியில், இரண்டு கோடுகளிலிருந்தும் தூரம். நான்காவது நடுவராக வெளியே நின்றவர் ஜப்பானின் யூயிச்சி நிஷிமுரா. அதே உலகக் கோப்பையின் காலிறுதியில், பிரேசிலின் ஃபெலிப்பே மெலோ கீழே கிடந்த நெதர்லாந்தின் ஆர்யென் ராபனை மிதித்தபோது கொஞ்சமும் தயங்காமல் சிவப்பு அட்டை காட்டியவர் இவர்தான். அவர் கண்ணுக்கு நேராக நடந்திருந்தால் வெப்பின் காதில் வேறு சேதி போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2006 இறுதியில் பிரான்ஸின் ஜிடான் இத்தாலியின் மட்டராஸியை நெஞ்சில் முட்டியதை நடுவர் ஹொராசியோ எலிசோண்டோ பார்க்கவேயில்லை, நான்காவது நடுவர் சொல்லித்தான் சிவப்பு வந்தது. 2010-இல் அந்தக் குரல் வரவில்லை. டிவியில் மறு ஒளிபரப்பைப் பார்த்து முடிவைத் திருத்தும் அனுமதி அன்று நடுவர் குழுவில் யாருக்கும் கிடையாது. உலகம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்லோ மோஷனில் நாலைந்து கோணத்தில் பார்த்துவிட்டார்கள், முடிவெடுக்க வேண்டியவர் மட்டும் ஒரு தடவை, அதுவும் பாதிதான் பார்த்தார்.

28-க்கு முன்னால் இருந்த 22

டி யோங்கின் உதை படமாகிப் பிரபலமானதில் இன்னொரு சம்பவம் மறைந்துபோனது, எனக்கு அதுதான் அதிக வருத்தம். 22-ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் மார்க் வான் பொம்மெல் பின்னாலிருந்து வந்து ஸ்பெயினின் ஆந்த்ரேஸ் இனியெஸ்டாவின் காலை வாரினார். இங்கே மறைப்பு ஒன்றும் இல்லை, ஆகாயத்தில் பந்தும் இல்லை. மஞ்சள் அட்டை. பின்னாலிருந்து வரும் டேக்கிளை ஃபிஃபா 1998 உலகக் கோப்பைக்கு முன்பே தனியாக எடுத்துக் கண்டித்திருக்கிறது, எதிராளியின் பாதுகாப்பைக் கெடுத்தால் நேராகச் சிவப்பு என்று. காரணம் எளிது, முன்னால் வருபவரைப் பார்த்தால் காலைத் தூக்கலாம், துள்ளலாம், விழவாவது தயாராகலாம். முதுகுப் பக்கம் வருபவருக்கு எதிராக உடம்பில் எந்தத் தற்காப்பும் இல்லை, நின்ற காலில் பாரம் முழுக்க இறங்கியிருக்கும்போது அடி விழுகிறது.

15-ஆவது நிமிடத்தில் வான் பெர்சி, 17-இல் புயோல், 22-இல் வான் பொம்மெல், 23-இல் ராமோஸ், 28-இல் டி யோங் என்று கால் மணி நேரத்துக்குள் ஐந்து மஞ்சள் அட்டைகள். வெப் கையை மூடி வைத்திருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு மோசமான டேக்கிளுக்கும் அதைவிடப் பலமடங்கு மோசமான டேக்கிளுக்கும் ஒரே நிறம் காட்டினால், எல்லை எங்கே இருக்கிறது என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் போகிறது. வான் பெர்சியின் ஃபவுலும் வான் பொம்மெலின் ஃபவுலும் ஒரே விலைக்குக் கிடைக்கிறது என்றால், முரட்டுத்தனமாக ஆட முடிவுசெய்துவிட்ட அணி இரண்டாவதைத்தான் வாங்கும். அன்று நெதர்லாந்து அப்படித்தான் ஆடியது, ஸ்பெயினின் பாஸ்களை உடைக்க ஆட்களை உடைப்பதே வழி என்று இறங்கியது. தன் சொந்த நாட்டு அணியின் ஆட்டத்தை யோஹான் க்ரைஃப் வெளிப்படையாகக் கண்டித்தார், எதிராளிகளோ ஸ்பெயின்காரர்களோ சொல்லவில்லை, நெதர்லாந்தின் ஆகப்பெரிய ஆட்டக்காரரே சொன்னார்.

மொத்தம் 14 மஞ்சள் அட்டைகள். இறுதிப் போட்டிகளில் அதுவரை இருந்த உச்சம் 1986-இல் வந்த ஆறு. நெதர்லாந்துக்கு ஒன்பது, ஸ்பெயினுக்கு ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று, 116-ஆவது நிமிடத்தில் வெற்றி கோல் போட்ட இனியெஸ்டா சட்டையைக் கழற்றியதற்கு. நெதர்லாந்தின் ஹைட்டிங்கா 109-ஆவது நிமிடத்தில் இனியெஸ்டாவைப் பிடித்து இழுத்து இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேறினார். பார்த்தீர்களா, நெஞ்சில் உதைத்தவர் ஆட்டத்தில் இருந்தார், தோளைப் பிடித்து இழுத்தவர் வெளியே போனார். விதிப்படி இரண்டாவது முடிவில் குறை ஒன்றும் இல்லை, ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருந்தது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உறுத்துகிறது. உதை வாங்கிய அலோன்சோ 87-ஆவது நிமிடம் வரை ஆடினார். 62-ஆவது நிமிடத்தில் ராபன் தனியாக ஓடி வந்து அடித்த பந்தை, ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸின் காலில் பட்டுத் தவறவிட்டாரே, அந்த வாய்ப்பு பத்துப் பேர் அணிக்குக் கிடைத்திருக்குமா என்று யோசிக்கலாம். ஸ்பெயின்தான் ஜெயித்தது என்பதால் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. ராபன் கோல் போட்டிருந்தால் வெப்பின் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அவருக்காகவே கவலையாக இருக்கிறது.

இறுதிப் போட்டியில் அரை மணி நேரத்துக்குள் சிவப்பு அட்டை காட்டினால் ஆட்டமே கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. இதை நான் கொஞ்சமும் ஏற்கமாட்டேன். ஆட்டத்தைக் கெடுத்தது நெஞ்சுக்கு வந்த கால், அட்டை இல்லை.

அதே ஆட்டக்காரர், மூன்று மாதம் கழித்து

2010 அக்டோபர் 3, மான்செஸ்டர் சிட்டிக்கும் நியூகாசிலுக்கும் பிரீமியர் லீக் ஆட்டம். தொடக்க நிமிடங்களிலேயே சிட்டிக்கு ஆடிய டி யோங் சறுக்கிப் போய் டேக்கிள் செய்ததில் நியூகாசிலின் ஹாதெம் பென் அர்ஃபாவின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் உடைந்தன. நடுவர் மார்ட்டின் அட்கின்சன் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. டி யோங் பந்தைத் தொட்டுவிட்டார் என்பதுதான் அவர் பக்கம் பேசியவர்களின் வாதம். தொட்டார், உண்மைதான். முன்னால் போன கால் பந்தைத் தொட்டது, பின்னால் வந்த கால் பென் அர்ஃபாவின் காலை மடக்கிக் கத்தரிக்கோல் போல நடுவில் சிக்க வைத்தது. ‘பந்தை எடுத்துட்டான், ஃபவுல் இல்ல’ என்று நம் ஊர் மைதானங்களில்கூடத் தினமும் கேட்கிறோமே, அப்படி ஒரு விதியே கிடையாது. பந்தைத் தொட்டுவிட்டு அதே ஓட்டத்தில் ஆளை உடைத்தாலும் ஃபவுல்தான், பலம் மிஞ்சியிருந்தால் சிவப்புதான். அந்த ஆண்டு மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த நட்பு ஆட்டத்தில் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ஹோல்டனின் காலும் டி யோங்கின் டேக்கிளில்தான் உடைந்தது. நடுவர்கள் செய்யாததை நெதர்லாந்துப் பயிற்சியாளர் பெர்ட் வான் மார்வெய்க் செய்தார், பென் அர்ஃபா சம்பவத்துக்குப் பிறகு டி யோங்கை அடுத்த ஆட்டங்களுக்கான தேசிய அணியிலிருந்து நீக்கினார். இறுதிப் போட்டியில் அவரை ஆட வைத்தவரும் இதே பயிற்சியாளர்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது இதற்கு நேர் எதிரான சம்பவம். 2019 நவம்பர் 3, குடிசன் பார்க், எவர்ட்டனுக்கும் டாட்டன்ஹாமுக்கும் ஆட்டம், நடுவர் அதே அட்கின்சன். டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின் பின்னாலிருந்து சறுக்கி வந்து எவர்ட்டனின் ஆந்த்ரே கோமெஸின் காலைத் தட்டினார். தாமதமான, அசட்டையான ஃபவுல், ஆனால் அன்றாடம் பார்க்கிற வகை. கோமெஸ் தடுமாறியபோது கால் புல்லில் மாட்டிக்கொண்டது, அப்படியே போய் டாட்டன்ஹாமின் செர்ஜ் ஓரியே மீது மோதினார், வலது கணுக்கால் முறிந்து விலகிப்போனது. சன் தலையில் கைவைத்து அழுதார், பக்கத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்கவே முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அட்கின்சன் முதலில் காட்டப்போனது மஞ்சள். காயத்தின் கொடுமை தெரிந்த பிறகு அது சிவப்பாக மாறியது. அந்த டேக்கிளின் விளைவாக ஓர் ஆட்டக்காரரின் பாதுகாப்பு கெட்டது என்பது பிரீமியர் லீக் சொன்ன விளக்கம். இரண்டே நாளில், மேல்முறையீட்டில், இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த குழு அந்தச் சிவப்பு அட்டையை ரத்து செய்தது.

ரத்து செய்தது சரி என்பது என் கருத்து. கோமெஸின் காலை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது, ஆனால் சன் செய்தது மஞ்சள் அட்டைக்கான ஃபவுல்தான். அதே டேக்கிளில் கோமெஸ் விழுந்து எழுந்து ஓடியிருந்தால் யாரும் சிவப்பு கேட்டிருக்க மாட்டார்கள். ஒரே நடுவரின் இரண்டு முடிவுகளைப் பாருங்கள்: எலும்பை உடைக்கும் டேக்கிளுக்கு ஃபவுலே இல்லை, தற்செயலாக எலும்பு உடைந்த டேக்கிளுக்குச் சிவப்பு. முதலாவதில் பந்தைத் தொட்டது கண்ணை மறைத்தது, இரண்டாவதில் காயம் மறைத்தது. ரசிகர்களும் இப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறோம். அலோன்சோவின் விலா உடைந்திருந்தால் சிவப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருப்போம். உடையாததால் ஆபத்து குறைந்துவிட்டதா? அந்தக் கால் ஓர் அடி மேலே போயிருந்தால் தொண்டை.

இன்று நடந்தால்

2018 உலகக் கோப்பையிலிருந்து வி.ஏ.ஆர். வந்துவிட்டது, அதாவது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் துணை நடுவர் முறை. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் போன்ற சில முக்கியமான விஷயங்களில் மட்டும், நடுவர் தெளிவாகத் தவறிவிட்டார் என்றால் அல்லது பெரிய சம்பவம் ஒன்றைப் பார்க்கவே இல்லை என்றால், வீடியோ அறை குறுக்கிடலாம். டி யோங்கின் உதை இன்று நடந்தால் வெப்பை ஓரத்தில் இருக்கும் திரைக்கு அழைப்பார்கள். அங்கே ஒரு நல்ல நடைமுறை உண்டு: எங்கே பட்டது, எதனால் பட்டது என்று பார்க்க ஸ்லோ மோஷன், எவ்வளவு பலமாகப் பட்டது என்று பார்க்கச் சாதாரண வேகம். இது முக்கியம், ஏனென்றால் ஸ்லோ மோஷனில் எல்லா டேக்கிளும் கொலைவெறியாகத்தான் தெரியும், காலுக்கும் எலும்புக்கும் நடுவே யோசிக்க நேரம் இருந்தது போல ஒரு பொய்த் தோற்றம் வந்துவிடும். நெஞ்சில் பதிந்த ஸ்டட்டை ஒரு தடவை நிறுத்திக் காட்டி, பிறகு ஓடவிட்டுப் பார்த்திருந்தால் வெப் மஞ்சளை ரத்து செய்து சிவப்பைக் காட்டியிருப்பார். நெதர்லாந்து மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடுதான் ஆடியிருக்கும்.

பென் அர்ஃபா சம்பவத்திலும் அறையிலிருந்து குரல் வர வாய்ப்பு அதிகம், இரண்டாவது காலை யாரும் தவறவிட மாட்டார்கள். எனக்குச் சந்தேகம் வான் பொம்மெல் விஷயத்தில்தான். நடுவர் நன்றாகப் பார்த்தார், ஃபவுல் கொடுத்தார், மஞ்சள் கொடுத்தார். இதைத் தெளிவான தவறு என்று வீடியோ அறையில் இருப்பவர் சொல்வாரா? என்னைக் கேட்டால் சொல்ல வேண்டும், பின்னாலிருந்து வந்த கால் அது. ஆனால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஊசலாடும் டேக்கிள்களில் அவர்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை, மைதானத்தில் நின்றவர் காட்டிய நிறமே நிற்கிறது. அதனால் தொழில்நுட்பம் எவ்வளவு வந்தாலும், 22-ஆவது நிமிடத்து டேக்கிளுக்கு விசில் வைத்திருப்பவர் தன் கண்ணையும் தைரியத்தையும்தான் நம்பியாக வேண்டும், இனியெஸ்டா மாதிரி ஒருவரின் கணுக்கால் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.